கண்ணுல இருக்கிற வெள்ளை

ஏனுங்க, உங்க போன் சார்ஜ் ஏறிடுச்சுங்களா? ஏறிருந்தா அந்தப் பிளக்கைச் சித்தே உட்டுக் குடுங்க. லேப்டாப்புல பத்து பர்சன்ட்தான் நிக்குது. பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்துருவாரு. அதுக்குள்ள பதினாறு படம் ரெடி பண்ணோணும். பத்து முடிஞ்சுது, இன்னும் ஆறு கிடக்குது.

ரொம்பச் சந்தோசமுங்க. எந்திரிக்காதீங்க, நீங்க உக்காருங்க, வயரு எட்டுது. நீங்க யாருக்காக வந்திருக்கறீங்க? அம்மாவுக்குங்களா. தொடை எலும்பா. அது கூடிருமுங்க, வெசனப்படாதீங்க. எலும்பு சமாச்சாரத்துல ஒரு நல்லது என்னன்னா, உழுந்த நாளு எல்லாருக்கும் தெரியும். எப்ப இருந்து, எப்ப இருந்துன்னு ஆரும் நோண்டிக் கேக்க மாட்டாங்க.

எனக்கு ஊட்டுக்காரிங்க. ஏழாம் நெம்பர் ரூமு. சிந்தாமணின்னு பேரு. முந்தாநேத்து சமையக்கட்டுல குக்கரை எறக்கறப்ப அப்படியே சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. தூக்கிட்டு வந்து சேர்த்துனா மஞ்சக்காமாலைங்கறாங்க. சின்ன டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல காத்து மறைக்குது, தெளிவாத் தெரியலீங்கன்னாங்க. அப்பறம் ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டாங்க. கண்ணு மஞ்சளானது எப்ப இருந்துங்க?

அந்தத் தேதியிலதானுங்க எல்லாம் இருக்குதாம். பத்து நாளா வந்த மஞ்சள்னா மருந்து குடுத்து இங்கயே ஒரு வாரம் வெச்சுப் பார்க்கலாமாம். மாசக்கணக்கா இருந்த மஞ்சள்னா உள்ள என்னமோ அடைச்சிருக்குதுன்னு அர்த்தமாம், ஒரு நாளும் தாமசம் பண்ணாம இன்னைக்கே கோயமுத்தூருக்குத் தாட்டி உட்டறோணுமாம். பெரிய டாக்டர் வந்துதான் முடிவு பண்ணுவாரு, ஊட்ல பழைய போட்டோ ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, கண்ணைப் பார்த்துச் சொல்லிருவாருன்னாங்க.

பழைய போட்டோ கேட்டாங்க, என்ற கிட்ட! வேற ஆரைக் கேட்டாலும் கலியாணத்துல எடுத்தது, கோயல்ல எடுத்ததுன்னு நாலு காட்டுவாங்க. என்ற கிட்ட தீவாளி கழிச்சு இன்னைக்கு வரைக்கும் அவளை எடுத்த படம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் இருக்குதுங்க. தேதியோட, மணியோட.

பேரு சென்னியப்பனுங்க. சாயப்பட்டறையில இருபத்தெட்டு வருசம் ஷேடு மாஸ்டர். கம்பெனிக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்புவான், இதே நெறம் வேணும்னு. அந்த நெறத்தைக் கொண்டாறதுதான் என்ற வேலை. முதல் தடவையே அச்சா வந்துராது. மஞ்சள் தூக்கலா இருந்துதுன்னா அதை அடக்கறதுக்கு வேற சாயத்துல ஒரு பொட்டுச் சேர்த்து மறுபடி ஓட்டுவோம். நெறம் பார்க்கற மிசினு வந்தப்பறமும் மொதலாளி என்ற கண்ணைத்தான் நம்புவாரு. மிசினு சரிங்கும், நான் இல்லீம்பேன், கடைசியில நான் சொன்னதுதான் நிக்கும். நெறத்துல என்னை ஏமாத்தறதுக்கு இனிமேத்தான் ஒருத்தன் பொறந்து வரோணும்.

ரிட்டயர் ஆனப்ப எங்க புள்ள மேனகா கேமரா வாங்கிக் குடுத்தா. ஒரே புள்ளைங்க. மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பரிசோதிக்கற வேலை. 'அப்பா, பொழுதுக்கும் அம்மாவை நோண்டிட்டு இருக்காதீங்க, போய்ப் படம் எடுங்க'ன்னா. எடுத்தனுங்க. காக்கா எடுத்தேன், கொளம் எடுத்தேன், எருமை எடுத்தேன். அப்பறம் போட்டோ கிளப்புல சேர்ந்தேன். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழம ஒரு பள்ளிக்கூட ஹால்ல கூடுவோம். பல் டாக்டரு, நூல் ஏவாரி, பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவங்க, எல்லாம் என்னையாட்ட ஆசைக்குப் படம் எடுக்கறவங்கதான்.

அங்கதானுங்க அந்த ஜெரால்டு சாரு வந்தாரு, நடுவரா. தீவாளி கழிஞ்ச ரெண்டாவது வாரம்னு வெச்சுக்குங்க. ஒவ்வொருத்தர் படத்தையும் தெரையில போட்டுக் கருத்துச் சொல்லுவாரு. என்ற படம் வந்துது. சிந்தாமணி ஜன்னலோரம் உக்காந்து பூண்டு உரிக்கறா. எவ்வளவு ஆசையா எடுத்தேன் தெரியுங்களா? அந்தாளு பார்த்துட்டு, 'முகம் இருட்டா இருக்கு, எக்ஸ்போஷர் ஒரு படி ஏத்தியிருக்கணும். அதை விடுங்க, ஆளே மஞ்சளா இருக்காங்களே. ஒயிட் பேலன்ஸ்னா என்னன்னு கத்துக்கிட்டு வாங்க'ன்னாரு. ஹாலே சிரிச்சுது. இருபத்தெட்டு வருசம் நெறத்துலயே கெடந்தவன் நான். என்னையப் பார்த்து நெறம் தெரியாதுன்னு சொல்லிட்டான் ஒருத்தன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க.

அப்பறம் புடிச்சேன் பாருங்க. கேமராவுக்குச் சொந்த மூளை கெடையாதுங்க. வெள்ளைச் சொவத்தைப் பார்த்தா வெளிச்சம் சாஸ்தின்னு நெனச்சுக்கிட்டுப் படத்தை இருட்டடிச்சிரும். அப்ப நாமதான் ஏத்தி வைக்கோணும். அரைப்படி, ஒரு படி. ஏத்திட்டா முகத்துல வெளிச்சம் வந்து நிக்கும். எங்கூட்டு வடக்கு ஜன்னல்ல காலையில ஏழரை மணிக்கு வெளிச்சம் அவ்வளவு பாந்தமா உழுவும். தினமும் அந்த நேரத்துக்கு அவளை அங்க உக்கார வெச்சேன். முப்பத்தஞ்சு வருசக் கலியாணத்துல நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லீங்க. பட்டறைக்குப் போறப்பவும் அவசரம், வாறப்பவும் அலுப்பு. இப்ப தினமும் அரைமணி நேரம் அவ மூஞ்சியையேதான் பார்த்துட்டிருந்தேன். எந்தப் புருசனுங்க அப்படிப் பார்ப்பான், சொல்லுங்க.

இருட்டு போச்சு. மஞ்சள் போகலை. ஒயிட் பேலன்ஸுங்கறது வெள்ளையை வெள்ளையாக் காட்டறதுதானுங்க. ஒரு வெள்ளைக் காயிதத்தைக் கன்னத்துக்குப் பக்கத்துல புடிக்கச் சொல்லி எடுத்தேன். காயிதம் வெள்ளையா உழுந்துதுன்னா கேமரா சரின்னு அர்த்தம், அப்படித்தான் பார்க்கோணும். காயிதம் வெள்ளையாத்தான் இருந்துது. அவளுக்குப் பின்னால கொடியில கெடந்த என்ற வேட்டியும் வெள்ளையாத்தான் இருந்துது. அவ மட்டும் மஞ்சள். நான் யோசிச்சேன். கேமரா சரி, வெளிச்சம் சரி, காயிதம் சரி. அப்பத் தப்பு எங்க இருக்குது? மூஞ்சிக்கு மஞ்சள் பூசிக் குளிக்கறா பாருங்க, அங்கதான்.

'படம் எடுக்கற வரைக்கும் மஞ்சள் பூசாதேன்னா உனக்குக் கேக்காதா'ன்னு சத்தம் போட்டேன். அவ கோவப்படலை. கையைச் சொறிஞ்சுட்டே சொன்னா, 'நான் மஞ்சள் பூசி ரெண்டு மாசமாச்சுங்க. பூசினா அரிக்குதுன்னு உட்டுட்டேன்.' நான் நம்பலீங்க. குளிக்கற ரூமுக்குப் போய் மஞ்சள் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். காலியாத்தான் கெடந்துது, உள்ள எட்டுக்கால் பூச்சி நூல் கட்டியிருந்துது. சரி, வருசக்கணக்கா ஊறின மஞ்சள், போறதுக்கு நாளாகும்னு நெனச்சுக்கிட்டேன். சாயம் ஏறுன துணி ரெண்டு தண்ணியில வெளுத்துருங்களா? வெளுக்காதுங்களே.

அப்பத்தான் யூடியூப்புல ஒருத்தன் வழி சொன்னான். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டிராப்பர்னு ஒண்ணு இருக்குதுங்க, கண்ணுக்குச் சொட்டு மருந்து உடற குழாய் படம் போட்டிருக்கும். படத்துல எது வெள்ளையா இருக்கோணுமோ அது மேல அதை வெச்சு அமுக்கினா, அதை வெள்ளைன்னு எடுத்துக்கிட்டு மிச்ச நெறத்தையெல்லாம் அதுவே மாத்திக்கும். மனுசப் படமா இருந்தா எங்க அமுக்கறது? கண்ணுல இருக்கற வெள்ளையில அமுக்குங்கன்னான். ஆரா இருந்தாலும் கண்ணு வெள்ளைதானே. அமுக்கினேன். ஐயோ, என்னத்தச் சொல்றது! அத்தனை மஞ்சளும் ஒரே அமுக்குல ஓடிப்போச்சு. நான் பொண்ணு பார்க்கப் போனப்ப இருந்தாளே, அந்தச் சிந்தாமணி வந்து உக்காந்திருந்தா. வேட்டிதான் சொட்டுநீலம் கூடிப்போனாப்பல ஆயிருச்சு. அதனால என்னங்க, வேட்டியைத் தனியா வெளுத்துட்டேன்.

சித்தே இருங்க. ம். பதினொண்ணாவது படம் முடிஞ்சுது. மணி என்னங்க? ஒம்பதே முக்காலுங்களா, நேரமிருக்குது.

அதுக்கப்பறம் பாருங்க, படம் ஒவ்வொண்ணும் அதுக்கு முந்தினதை விட நல்லா வந்துது. மார்கழியில அவளுக்குச் சோறு செல்லலை. ரெண்டு வாய் வெச்சுட்டு எந்திரிச்சிருவா. கன்னம் ஒட்டுனதுல எலும்பு எடுத்துக் குடுத்துது, ஜன்னல் வெளிச்சம் அதுல உழுந்து ஒரு பக்கம் பளிச்சுன்னு, ஒரு பக்கம் நெழலா... உங்களுக்குப் படம் எடுக்கற பழக்கம் இல்லைன்னா இது புரியாதுங்க. குண்டு மூஞ்சியில அந்த நெழல் கெடைக்காது. முன்னங்கையெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு கோடு கோடா இருக்கும். அதை ஒவ்வொண்ணாத் தேச்சு எடுத்துருவேன். ஒரு படத்துக்கு முப்பது கோடு, நாப்பது கோடு. பொறுமை வேணுமுங்க இதுக்கெல்லாம்.

எங்க தெருவுல பேபியக்கான்னு ஒருத்தங்க, பால் ஊத்தறவங்க. ஒரு நாள் வாசல்ல நின்னுட்டு, 'ஏஞ்சிந்தா, கண்ணு என்ன மஞ்சளாட்ட இருக்குது? இந்தா கீழாநெல்லி, அரைச்சுக் குடி, ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வா'ன்னாங்க. இவ பயந்துட்டா. உள்ள வந்து, 'ஏனுங்க, பேபியக்கா இப்படிச் சொல்றாங்க, என்ற கண்ணைச் சித்தே பாருங்க'ன்னா. எனக்குக் கோவம். பால்காரம்மாவுக்கு நெறத்தைப் பத்தி என்ன தெரியும்? அன்னைக்குக் காலையில எடுத்த படத்தைத் தெரையில போட்டு, கண்ணை மட்டும் பெருசு பண்ணிக் காட்டினேன். 'பாரு, இது உன்ற கண்ணுதானே. எங்க இருக்குது மஞ்சள்?' அவ குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தா. வெள்ளை வெளேர்னு இருந்துது. 'ஆமாங்க, நல்லாத்தான் இருக்குது'ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கீழாநெல்லி வாசல்லயே கெடந்து வாடிப்போச்சு.

நான் ஏமாத்தோணும்னு காட்டலீங்க. அதைச் சரி பண்ணினது நான்தான்னு அந்த நேரத்துல எனக்கு நெனப்பே இல்லை. சத்தியமா இல்லை. தினமும் பார்த்துப் பார்த்து, அந்தப் படத்துல இருக்கறவதான் சிந்தாமணின்னு என்ற மனசுல உக்காந்துட்டா.

மேனகாவுக்கு வாரா வாரம் ஞாயித்துக்கெழம ஒரு படம் அனுப்புவேன். அந்த ஊர்ல வாட்சப்புல மூஞ்சி பார்த்துப் பேச முடியாதுங்க, சாதாரணப் போன்தான். அதனால படம் போகலைன்னா புள்ள தவிச்சுப் போயிருவா. 'அம்மா கலராயிட்டாங்கப்பா', 'அம்மா எளைச்சு சின்னப் புள்ளையாட்ட ஆயிட்டாங்க, டயட்டா?'ன்னு கேப்பா. நானும், ஆமா கண்ணு, நடக்கறா, எண்ணெய் சேர்க்கறதில்லைன்னுட்டேன். சந்தோசமா இருக்கட்டுமேன்னு.

தை மாசம் பெரிய போட்டி வந்துது. ஜன்னலோர வெளிச்சம்னு தலைப்பு. ரெண்டாம் பரிசுங்க எனக்கு! அதே ஜெரால்டு சாரு மேடையில நின்னு, 'தோல் நிறத்தை இவ்வளவு சுத்தமாக் கொண்டுவந்த படம் இந்தப் போட்டியிலேயே இது ஒண்ணுதான்'னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. படத்தை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு மாட்டியிருந்தாங்க. சிந்தாமணியைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருந்தேன், பட்டுச்சேலை இடுப்புல நிக்காம வழுக்கிட்டே வந்துது. படத்துக்குப் பக்கத்துல நிக்க வெச்சேன். காலேஜ் புள்ள ஒருத்தி வந்து படத்தைப் பார்த்தா, இவளைப் பார்த்தா, மறுபடி படத்தைப் பார்த்தா. 'இவங்களா அவங்க?'ன்னு கேட்டா. ஹால்ல போட்டிருந்த லைட் சரியில்லைங்க, மஞ்ச பல்பு. நான் ஏற்பாட்டுக்காரங்க கிட்டவே சொன்னேன், கண்காட்சிக்கு இந்த லைட் ஆகாதுன்னு. பஸ்ஸுல வாறப்ப சிந்தாமணி ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டு, 'படத்துல இருக்கறவ சொகமா இருக்கறாளுங்க'ன்னா. நான் பரிசைப் பத்திச் சொல்றான்னு நெனச்சேன்.

பன்னண்டு. இந்தாங்க, இதைப் பாருங்க. இடது பக்கம் கேமராவுல உழுந்தது, தை மாசம் மூணாவது வாரம். வலது பக்கம் இப்ப நான் பண்ணினது. என்னங்க? ஆமாங்க, இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்குது. கண்ணு, மூஞ்சி, நகக்கண்ணு கூட. நான் என்ன இல்லைன்னா சொல்றேன்?

ஆஸ்பத்திரியிலதானுங்க நான் அதைப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது, டியூப்லைட்டு. நர்சு வந்து கீழ் இமையை வெரல்ல எறக்கினா. உள்ள பூரா மஞ்சள். நூலைச் சாயத்துல முக்கி எடுத்தாப்பல. பட்டறையில அப்படி ஒரு மஞ்சள் வந்தா இதுல எதையும் ஏத்த முடியாதுன்னு தள்ளி வெச்சிருவோம். 'எத்தனை நாளா இப்படி?'ன்னாங்க டாக்டரம்மா. வாயில வந்ததைச் சொன்னேன். பத்து நாளா இருக்குமுங்கன்னேன். சிந்தாமணி கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தா, அப்பறம் மூடிக்கிட்டா. தொறந்து வைக்கத் தெம்பில்லையோ என்னமோ.

நேத்து மேனகாவுக்குச் சொன்னதும் ராத்திரிப் பிளேனைப் புடிச்சுட்டா. காலையில கொச்சியில எறங்கி கார்ல வந்துட்டிருக்கறா. ஏறறதுக்கு முந்தி போன் பண்ணி, 'அப்பா, ஞாயித்துக்கெழம அனுப்பின படமெல்லாம் எடிட் பண்ணினதுதானே? எனக்கு ஒரிஜினல் வேணும். வாரத்துக்கு ஒண்ணு, பதினாறு வாரம். ஒண்ணையும் தொடாதீங்க. கேமராவுல எப்படி இருக்குதோ அப்படியே குடுங்க, டாக்டர்கிட்ட நான் காட்டறேன்'ன்னா. லேப்ல வேலை செய்யறவ இல்லீங்களா, அந்தக் குரலே வேற மாதிரி இருந்துது. அப்பான்னு கூப்பிட்டா, ஆனா அப்பாகிட்டப் பேசறாப்பல இல்லை.

அதைத்தானுங்க ரெடி பண்ணிட்டிருக்கறேன்.

இது சுளுவுன்னு நெனைக்காதீங்க. அழகு பண்றது சுளுவு. ஒரிஜினலாட்டத் தெரிய வைக்கறதுதான் பாடு. கொடியில கெடக்கற துணி அப்படியே கெடக்கோணும். எண்ணெய் வழியற மூஞ்சி, கலைஞ்ச மசுரு, பின்னால தொங்கற வயரு, எதையும் தொடக்கூடாது. எக்ஸ்போஷர் கூட ஏத்தலீங்க, இருட்டா இருந்தா இருக்கட்டும்னு உட்டுட்டேன். வேட்டி நீலமாகாமப் பார்த்துக்கோணும். மஞ்சளை மட்டும் எடுக்கறேன். கண்ணுல, தோல்ல, நகத்துல. தேதி உள்ளயே இருக்குது, அது பாட்டுக்கு இருக்கட்டும். பதிமூணாவது வரைக்கும் சுத்தமா இருக்கும். பதினாலுல ஒரு சாயல் மட்டும் உடறேன், ஆரும் சந்தேகப்படாத அளவுக்கு. பதினஞ்சும் பதினாறும் இருக்கறது இருக்கறபடி. ஒரே வாரத்துல குபீர்னு வந்தாப்பல இருந்தா டாக்டர் நம்ப மாட்டாரு பாருங்க. இருபத்தெட்டு வருசத்துல நான் இவ்வளவு நுணுக்கமா ஒரு ஷேடு கொண்டாந்ததில்லை.

அப்படிப் பார்க்காதீங்க. ஒரிஜினல் எங்கியும் போகலை, பக்கத்து ஃபோல்டர்ல பத்திரமா இருக்குது, நான் எதையும் அழிக்கலை. நான் என்ன கெட்டவனுங்களா? நோவு என்னவோ அதுதான் உள்ள இருக்கப்போகுது, தேதியை மாத்தினா நோவு மாறிருங்களா? மருந்து குடுக்கட்டும். ஒரு வாரம் பார்க்கட்டும். கொறையலைன்னா அப்பக் கோயமுத்தூர் போனாப் போச்சு. ஒரு வாரத்துல என்னங்க ஆயிரப்போகுது?

பயமா இருக்குதுங்க எனக்கு. உண்மையைச் சொல்றேன். மேனகா அந்த இடது பக்கத்துப் படத்தைப் பார்த்தான்னு வெச்சுக்குங்க, என்னை என்ன கேப்பா? தினமும் பார்த்தீங்களே அப்பான்னு கேப்பா. நான் என்ன சொல்றது? பார்த்தேன் சாமி, பார்த்துச் சரி பண்ணிட்டேன்னா? அதுக்கப்பறம் அந்தப் புள்ள என்ற மூஞ்சியில முழிப்பாளா? எனக்கு இருக்கறது அவங்க ரெண்டு பேருதானுங்க. ஒருத்தி படுத்துட்டா. இன்னொருத்தியையும் உட்டுட்டு நான் எங்க போறது?

பதினாலு. இதுல கண்ணோரத்துல பாருங்க, ஒரு நெனப்பாட்டத்தான் மஞ்சள் தெரியும். போதும். ஃபோல்டர்ல போட்டாச்சு. பேரு என்ன வைக்கறது? 'அம்மா ஒரிஜினல்'னே வெச்சுட்டேன்.

அட, வந்துட்டா. வா கண்ணு, வா சாமி. அழுகாதே. அம்மா முழிச்சுட்டுத்தான் இருக்கறா. இவரு பக்கத்து ரூமு, அவங்கம்மாவுக்கு எலும்பு. படமா? எல்லாம் இருக்குது, பதினாறும் இருக்குது. இல்ல கண்ணு, ஒண்ணையும் தொடலை. நீ சொன்னப்பறம் தொடுவேனா? இந்தா, லேப்டாப்பையே எடுத்துட்டுப் போ. இந்த ஃபோல்டர் மட்டும் தொற, மத்ததுல காக்கா எருமைன்னு கெடக்கும். அதோ பெரிய டாக்டரும் உள்ள போறாரு பாரு, போ, போ.

நான் உள்ள போகலீங்க. கண்ணாடி வழியாப் பார்த்தாப் போதும். சித்தே நகருங்க, மறைக்குது.

டாக்டர் ஒவ்வொண்ணாத் தள்ளறாரு. மேனகா கண்ணைப் பெருசு பண்ணிக் காட்டறா. அடுத்தது. அடுத்தது. அங்கயே நிக்கறாரு. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்க்கறாரு. என்னங்க அங்கயே நிக்கறாரு? வேட்டியில நீலம் அடிச்சுருச்சோ? இல்லை. தள்ளிட்டாரு. பதினாலு அதுதான். தலையாட்டறாரு. சிந்தாமணி என்னமோ சொல்றா. கையைத் தூக்கி வெரல் உட்டுக் காட்டறா, நாலு வெரலு. டாக்டர் லேப்டாப்பை அவ பக்கம் திருப்பிக் காட்டறாரு. அவ பார்க்கறா. பார்த்துட்டே இருக்கறா. அவ்வளவுதான், சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

என்ன கண்ணு சொன்னாரு? பத்து நாளுதான்னு சொல்லிட்டாரா? நான்தான் சொன்னேனே. கோயமுத்தூர் வேண்டாம்னுட்டாரா? மாத்திரை, ஊசி, ஒரு வாரம். சரி, சரி. அம்மா நாலு மாசம்னு சொன்னாளா? மயக்கத்துல என்னமோ சொல்லியிருப்பா. நீ போய் அம்மா பக்கத்துல உக்காரு. நான் காப்பி வாங்கியாறேன்.

கேட்டீங்களா? போறப்ப என்ற கையைப் புடிச்சுட்டு என்ன சொன்னா, கேட்டீங்களா? 'நல்லவேளைப்பா, வாரம் தவறாம நீங்க படம் எடுத்து வெச்சிருந்தீங்க'ன்னா. கையைப் புடிச்சுட்டே சொன்னாளுங்க. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பாரம் எறங்குனாப்பல இருக்குது. இனி அவ தேறிருவா, பாருங்க.

நீங்களும் ஒரு காப்பி சாப்பிடறீங்களா? என்னங்க எந்திரிச்சுட்டீங்க? உங்கம்மா கூப்பிட்டாங்களா? இல்லைங்களே, அவங்க தூங்கறாங்களே. ஏனுங்க, டாய்லெட்டு இந்தப் பக்கமுங்க. அது டாக்டர் ரூமு. ஏனுங்க, உங்களைத்தான். அது டாக்டர் ரூமுங்க.